ஆல்டிமீட்டர் செட்டிங்: பயிற்சி விமானிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆல்டிமீட்டர் ஓர் அழுத்தமானி. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை அடிக்கணக்கில் உயரமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த அடிக்கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது. குமிழைத் திருகி, முகப்பில் உள்ள சின்ன ஜன்னலில் ஓர் எண்ணை வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். அளவுநாடாவின் சுழி முனையை எங்கே பிடிக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் மறுமுனையில் எண் வரும் இல்லையா, அதே சங்கதி.

டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) தேர்வுக்குப் படிக்கும் பலர் கியூஎன்எச், கியூஎஃப்இ, பிரஷர் ஆல்டிடியூட் (மூன்றும் கீழே வரும்) என்று தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் வரும். காக்பிட்டில் குழப்பம் வரும். எந்த இடத்திலும் ‘இப்போது என் சுழி எங்கே இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகினால் மற்றவை எல்லாம் தானாகப் பிடிபடும். இந்த வழிகாட்டியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முதலில் காற்று

கடல்மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், 15 டிகிரி வெப்பம், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறைவு. இதுதான் உலகம் ஒப்புக்கொண்ட ‘ஸ்டேண்டர்ட்’ வளிமண்டலம், சுருக்கமாக ஐஎஸ்ஏ. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடை குறைவதால் அழுத்தம் குறைகிறது. 1648-இல் பிரான்ஸின் புய் டி டோம் மலைமீது பாதரச பாரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி இதை நேரில் நிரூபித்தார்கள். பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே செய்த சோதனை அது. நாம் இன்று ஜன்னலில் வைக்கும் அலகில் இருப்பது அந்தப் பாஸ்கலின் பெயர்தான்.

அழுத்தம் சீராகக் குறைவதில்லை என்பதைக் கவனியுங்கள். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய சுமார் 27 அடி ஏறினால் போதும். 10,000 அடியில், அழுத்தம் 697-ஆக இருக்கும்போது, ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 37 அடி ஏற வேண்டும். 18,000 அடியில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருந்ததில் பாதியாகிவிடும். அங்கே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 50 அடி. மேலே காற்று மெலிந்திருப்பதுதான் காரணம்.

அப்படியானால் 10,000 அடியில் பறக்கும்போது ஜன்னலில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றினால் முள் 37 அடி நகருமா? நகராது. எந்த உயரத்தில் இருந்தாலும் ஏறக்குறைய 27 அடிதான் நகரும். நீங்கள் மாற்றுவது கடல்மட்டத்தில் இருக்கும் சுழியை. விமானம் இருக்கும் இடத்துக் காற்றை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டால் விடை எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் வரும். சில வினாத்தாள்களில் 27-க்குப் பதில் 30 அடி என்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறதோ அதையே வையுங்கள்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

உள்ளே காற்று உறிஞ்சி மூடி முத்திரையிட்ட மெல்லிய உலோகப் பெட்டிகள் அடுக்காக இருக்கும். விமானத்தின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளை வழியாக வெளிக்காற்று இந்தப் பெட்டிகளைச் சுற்றி வந்து நிற்கும். மேலே போனால் அழுத்தம் குறைந்து பெட்டி விரியும், கீழே வந்தால் சுருங்கும். அந்த அசைவைப் பல்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கின்றன. ஜன்னலும் குமிழும் வைத்த, நம்பகமான ஆல்டிமீட்டரை 1928-இல் பால் கோல்ஸ்மன் செய்தார். அதனால் அந்த ஜன்னலை இன்னமும் கோல்ஸ்மன் ஜன்னல் என்கிறார்கள். அடுத்த ஆண்டே ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய காக்பிட்டில் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை மேலேற்றி இறக்கிக் காட்டினார். அந்த விமானத்தில் இருந்தது இந்தக் கருவிதான்.

முள்கள் மூன்று. நீளமானது நூறுகளையும், குட்டையான தடித்த முள் ஆயிரங்களையும், மெல்லியது பத்தாயிரங்களையும் காட்டும். படிக்கும்போது சிறிய முள்ளிலிருந்து தொடங்குங்கள்: பத்தாயிரம், ஆயிரம், அப்புறம் நூறு. நீள முள்தான் கண்ணை முதலில் இழுக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஆயிரத்தைத் தவறாகப் படிப்பது பழைய காலத்திலிருந்தே இருக்கும் ஆபத்து.

மூன்று செட்டிங், மூன்று சுழி

கியூஎன்எச் வைத்தால் சுழி கடல்மட்டத்தில் இருக்கும். தரையில் நிற்கும்போது ஆல்டிமீட்டர் அந்த விமான நிலையத்தின் எலிவேஷனை, அதாவது கடல்மட்டத்திலிருந்து அது இருக்கும் உயரத்தைக் காட்டும். சென்னையில் சுமார் 50 அடி, கோயம்புத்தூரில் சுமார் 1,300 அடி, பெங்களூரு கெம்பேகவுடாவில் சுமார் 3,000 அடி. வரைபடத்தில் மலை, கோபுரம், ஓடுதளம் எல்லாவற்றின் உயரமும் கடல்மட்டத்திலிருந்துதான் போட்டிருக்கும் என்பதால், தாழ்வாகப் பறக்கும் நேரமெல்லாம் நமக்கு இதுதான் செட்டிங்.

கியூஎஃப்இ வைத்தால் சுழி ஓடுதளத்தில். தரையில் நின்றால் முள் பூஜ்யம் காட்டும். சர்க்யூட் (ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) பறக்க வசதியாகத் தோன்றும், சில நாடுகளில் பறக்கும் கிளப்புகள் இன்னமும் பயன்படுத்துகின்றன. ஆனால் நிலையத்தை விட்டு விலகினால் அந்தச் சுழிக்கு அர்த்தம் இல்லை. பெங்களூரு உயரத்தில் கியூஎஃப்இ 910-ஐ ஒட்டி வரும்; பல ஆல்டிமீட்டர்களின் ஜன்னலில் அவ்வளவு தாழ்ந்த எண்ணே கிடையாது. 10,600 அடிக்கு மேல் இருக்கும் லே விமான நிலையத்தில் பேச்சுக்கே இடமில்லை.

1013 வைத்தால் அது ‘ஸ்டேண்டர்ட்’. சுழி எங்கே இருக்கிறது என்றால், இன்றைய தேதியில் 1013.25 அழுத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே. அது கடலுக்கு மேலே இருக்கலாம், கீழே கற்பனையாகவும் இருக்கலாம். இதில் காட்டும் உயரம்தான் பிரஷர் ஆல்டிடியூட். மேலே பறக்கும் எல்லோரும் இதையே வைப்பதால், சுழி உண்மையில் எங்கே இருந்தாலும் இரண்டு விமானங்களுக்கு இடையே இடைவெளி சரியாக இருக்கும். ஃப்ளைட் லெவல் என்பது இதுதான்: லெவல் 85 என்றால் ஸ்டேண்டர்ட் செட்டிங்கில் 8,500 அடி.

கணக்கை ஒரே விதியில் முடியுங்கள்

ஜன்னலில் எண்ணை ஏற்றினால் உயரமும் ஏறும்; எண்ணை இறக்கினால் உயரமும் இறங்கும். அடுத்த முறை காக்பிட்டில் உட்காரும்போது குமிழைத் திருகிப் பாருங்கள். 1006-இலிருந்து 1013-க்கு எண் ஊர்ந்து போகும்போது, விமானம் நின்ற இடத்தில் நிற்க, நீள முள் கடிகார முள்ளின் திசையில் கிட்டத்தட்ட இரண்டு நூறு அடி நகரும். கையால் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது.

கோயம்புத்தூரில் நிற்கிறீர்கள், எலிவேஷன் 1,300 அடி என்று வைத்துக்கொள்வோம். கியூஎன்எச் 1006. ஜன்னலில் 1006 வைத்தால் முள் 1,300 காட்டும். 1013 வைத்தால் ஏழு ஹெக்டோபாஸ்கல் ஏற்றியிருக்கிறீர்கள். ஏழு பெருக்கல் 27, 189 அடி. ஆக 1,489 அடி காட்டும், அதுதான் பிரஷர் ஆல்டிடியூட். கியூஎஃப்இ வேண்டுமா? 1,300-ஐ 27-ஆல் வகுத்தால் சுமார் 48. 1006-இலிருந்து 48 போனால் 958. அதை வைத்தால் முள் பூஜ்யம். மூன்று கேள்விக்கும் ஒரே விதி.

இப்போது ஆபத்தான பக்கம். கிளம்பிய இடத்தில் கியூஎன்எச் 1012, போய்ச் சேரும் இடத்தில் 1004. மாற்ற மறந்துவிட்டீர்கள். முள் 3,000 அடி என்கிறது. சரியான எண்ணை வைத்தால் எட்டு இறக்க வேண்டும். 216 அடி இறங்கும். அதாவது விமானம் 2,784 அடியில்தான் பறந்துகொண்டிருக்கிறது. அழுத்தம் குறைந்த பகுதிக்குள் செட்டிங் மாற்றாமல் போனால் ஆல்டிமீட்டர் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இந்தத் திசையில் வரும் பிழைதான் ஆளைக் கொல்லும். தேர்வில் விதி குழம்பினால் ஒரு கோடு போட்டுக் கடல்மட்டத்தைக் குறித்து, சுழியை மேலேயும் கீழேயும் வைத்துப் பாருங்கள். விடை கண்ணுக்குத் தெரியும்.

நம் ஊரில் கியூஎன்எச் எப்படி மாறும்

புயல் வந்தால் அழுத்தம் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. பருவத்துக்குப் பருவமும் மாறும்: டெல்லியில் ஜனவரியில் 1015-ஐத் தாண்டி நிற்கும் கியூஎன்எச், ஜூன் மாத வெயிலில் ஆயிரத்துக்குக் கீழே போவது சகஜம்.

ஆனால் பயிற்சி விமானிகள் அதிகம் கவனிக்காதது தினசரி ஏற்ற இறக்கம். வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம். மாலை நான்கு மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் தாழ்வு. வானிலை எதுவும் மாறாமல், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் நாளிலும் காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். காலை பத்து மணிக்குக் கிராஸ்-கன்ட்ரி (வேறு ஊருக்குப் போய்வரும் பயிற்சி) கிளம்பி நான்கு மணிக்குத் திரும்பும் மாணவர், காலையில் வைத்த எண்ணோடே இறங்க வந்தால், சுமார் 100 அடி தாழ்வாக வருகிறார். பிழையின் திசை மறுபடியும் அதே ஆபத்தான திசை. மெட்டாரை (விமான நிலையத்தின் வானிலை அறிக்கையை) மணிக்கு மணி பாருங்கள், இது கண் முன்னால் நடக்கும்.

கிளம்பும் முன்

ஏடிஸ் (நிலையத்தின் தகவல்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ரேடியோ ஒலிபரப்பு) கேட்டோ டவரிடம் வாங்கியோ கியூஎன்எச்-ஐக் காகிதத்தில் எழுதுங்கள். மெட்டாரில் அது ‘கியூ’ எழுத்துக்குப் பின் நான்கு இலக்கமாக வரும். பின்னம் இருந்தால் கீழ்நோக்கி முழு எண்ணாக்கித்தான் அறிவிப்பார்கள், 1008.7 என்றால் 1008. அப்படிச் செய்தால் ஆல்டிமீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும், நீங்கள் சற்று உயரமாகவே பறப்பீர்கள். பாதுகாப்பான பக்கம் சாய்வது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு.

குமிழைத் திருகி எண்ணை வையுங்கள். கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினால் உராய்வில் சிக்கிய முள் தன் இடத்துக்கு வந்து நிற்கும். இப்போது காட்டும் உயரத்தை நீங்கள் நிற்கும் இடத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். சார்ட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் ஏரோட்ரோம் எலிவேஷன் என்பது இறங்கும் பகுதியின் மிக உயர்ந்த புள்ளி. விமானங்கள் நிற்கும் ஏப்ரன் அதைவிடத் தாழ்வாக இருக்கலாம். ஏப்ரனுக்குத் தனியாக எண் கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிடுவதுதான் சரி. ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வழிகாட்டுதலின்படி, 30,000 அடி வரை சோதித்த ஆல்டிமீட்டரில் 60 அடி வித்தியாசம் வரை பொறுக்கலாம். அமெரிக்காவில் 75 அடி என்பார்கள். அதற்கு மேல் போனால் முதலில் கியூஎன்எச் எண்ணைச் சரிபாருங்கள். எண் சரி என்றால் கருவியில் கோளாறு; பறக்காதீர்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: எலிவேஷன் தெரியும் என்பதால் முள்ளை அந்த இடத்துக்குத் திருகிவிட்டு, ஜன்னல் எண்ணைப் பார்க்காமலே கிளம்புவது. கருவி 150 அடி தவறாக இருந்தாலும் அந்தத் தவறு அப்படியே மறைந்துவிடும். டவர் இல்லாத களத்தில் வேறு வழி இல்லாதபோது அப்படிச் செய்யலாம். அப்போதும் ஜன்னலில் வந்த எண் அருகில் உள்ள நிலையத்தின் கியூஎன்எச்-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே போகும்போதும் கீழே வரும்போதும்

செட்டிங்கை மாற்ற வேண்டிய உயரங்கள் இரண்டு. ஏறும்போது டிரான்சிஷன் ஆல்டிடியூடைத் தாண்டியதும் 1013. இறங்கும்போது டிரான்சிஷன் லெவலைத் தாண்டியதும் கியூஎன்எச். அமெரிக்காவில் டிரான்சிஷன் ஆல்டிடியூட் நாடு முழுவதும் 18,000 அடி, அதனால் அங்கே சின்ன விமானத்தில் பயிற்சி எடுத்தவர் ஸ்டேண்டர்ட் வைத்தே பறந்திருக்க மாட்டார். இந்தியாவில் அது மிகவும் தாழ்வு. அந்தந்த நிலையத்தின் சார்ட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். டிரான்சிஷன் லெவல் நிரந்தரமானதல்ல. கியூஎன்எச் தாழ்ந்தால் ஃப்ளைட் லெவல்கள் எல்லாம் தரையை நோக்கி இறங்கிவிடும் என்பதால் அதை உயர்த்துவார்கள்.

அமெரிக்காவில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அங்கே அழுத்தத்துக்குப் பாதரச அங்குலக் கணக்கு, மெட்டாரில் ‘ஏ’ போட்டு 2992 என்று வரும். ஓர் அங்குலம் ஏறக்குறைய ஆயிரம் அடிக்குச் சமம். ‘நைன் நைன் டூ’ என்று ஹெக்டோபாஸ்கலில் சொன்னதை 29.92 அங்குலம் என்று காது வாங்கிக்கொண்டால் 21 ஹெக்டோபாஸ்கல் பிழை, கிட்டத்தட்ட 570 அடி, அதுவும் தாழ்வான பக்கம். ஆயிரத்துக்குக் கீழே இருக்கும் எண்ணோடு ‘ஹெக்டோபாஸ்கல்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வது இதற்காகத்தான்.

விமானத்தின் உயரத்தைத் தரையில் உள்ள ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஜன்னலில் எதை வைத்தாலும் அது 1013.25-ஐ அடிப்படையாக வைத்த உயரத்தைத்தான் அனுப்பும். கன்ட்ரோலரின் திரையில் உள்ளூர் கியூஎன்எச்-ஐச் சேர்த்து மாற்றிக்கொள்வார்கள். அதனால் உங்கள் ஜன்னல் எண் தவறு என்றால், நீங்கள் சொல்லும் உயரமும் அவர் திரையில் தெரியும் உயரமும் ஒத்துப்போகாது. அவர் ‘உங்கள் ஆல்டிமீட்டர் செட்டிங்கைச் சரிபாருங்கள்’ என்றால் உடனே பாருங்கள்.

பத்து ஹெக்டோபாஸ்கல்: பாரிஸ், 2022

2022 மே 23 அன்று ஓர் ஏர்பஸ் ஏ320 பாரிஸ் சார்ல் டி கோல் நிலையத்தில் இறங்க வந்தது. உண்மையான கியூஎன்எச் 1001. கன்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகள் 1011 என்றே திருப்பிச் சொன்னார்கள், ஜன்னலிலும் வைத்தார்கள். இறங்கும் பாதையை ரேடியோ கற்றையால் காட்டும் ஐஎல்எஸ் அந்த ஓடுதளத்தில் அன்று இயங்கவில்லை, எனவே ஆல்டிமீட்டரை நம்பி சரிவைக் கணக்கிடும் அணுகுமுறையில் வந்துகொண்டிருந்தார்கள். ஐஎல்எஸ் இருந்திருந்தால் ரேடியோ கற்றை சரியான பாதையைக் காட்டியிருக்கும். இந்த முறையில் அழுத்தம் தவறினால் மொத்தப் பாதையும் தவறு. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிய, விமானம் சரியான பாதைக்குச் சுமார் 280 அடி கீழே வந்தது. மேகத்துக்கும் மழைக்கும் நடுவே ஓடுதளம் தெரியாததால் விமானிகள் கோ-அரவுண்ட் எடுத்தார்கள், அதாவது இறங்காமல் மீண்டும் மேலே ஏறினார்கள். அந்த நேரத்தில், ஓடுதளத்துக்கு ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே ரேடியோ ஆல்டிமீட்டர் காட்டிய குறைந்தபட்ச உயரம் 6 அடி. காக்பிட்டில் தரை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. இரண்டாவது முறையும் அதே 1011-உடன்தான் வந்தார்கள். இம்முறை ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்ததால் திருத்திக்கொண்டு இறங்கினார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே கன்ட்ரோலர் அதே 1011-ஐ இன்னொரு விமானத்துக்கும் சொன்னார். அந்த விமானிகள் 1001 என்று திருப்பிச் சொன்னார்கள். ஏடிஸ்-இல் இருந்ததும் 1001தான். ஏடிசி (கன்ட்ரோலர்) எண் சொன்னால் நீங்களும் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ‘கன்ஃபர்ம் கியூஎன்எச்’ என்று கேளுங்கள். மாணவர் என்பதால் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வெப்பம்

கியூஎன்எச் சரியாக வைத்தாலும் ஆல்டிமீட்டர் ஐஎஸ்ஏ வெப்பநிலையை நம்பித்தான் அளக்கிறது. காற்று குளிர்ந்தால் அடர்ந்து அமுங்கும்; நீங்கள் காட்டும் உயரத்தைவிடத் தாழ்வாக இருப்பீர்கள். ஐஎஸ்ஏ-வைவிட 10 டிகிரி குறைவுக்கு ஏறக்குறைய 4 சதவீதம். இது கியூஎன்எச் கொடுத்த நிலையத்துக்கு மேலே இருக்கும் உயரத்துக்கு மட்டும் பொருந்தும். லேயில் பனிக்காலத்தில், நிலையத்துக்கு 2,000 அடி மேலே, ஐஎஸ்ஏ-வைவிட 10 டிகிரி குளிரில், 80 அடி காணாமல் போகும். சுற்றிலும் மலை இருக்கும் இடத்தில் அது சின்ன எண் இல்லை.

தமிழ்நாட்டு வெயிலில் பிழை நமக்குச் சாதகம், காட்டுவதைவிடச் சற்று உயரமாகவே இருப்போம். நமக்கு வெயில் தரும் தொல்லை வேறு: டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்றின் அடர்த்தியைக் கொண்டு சொல்லும் உயரம். மேலே பார்த்த கோயம்புத்தூர் உதாரணத்தில் பிரஷர் ஆல்டிடியூட் 1,500 அடி என்று வைப்போம். அங்கே ஐஎஸ்ஏ வெப்பம் 12 டிகிரி. வெளியே 36 டிகிரி என்றால் வித்தியாசம் 24. ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் 2,880 அடி சேர்த்தால் கிட்டத்தட்ட 4,400 அடி. எஞ்சினும் இறக்கையும் புரொப்பெல்லரும் அந்த உயரத்தில் இருப்பதாகத்தான் நடந்துகொள்ளும். டேக்-ஆஃப் தூரத்தை அட்டவணையில் பார்க்கும்போது பிரஷர் ஆல்டிடியூடைத்தான் எடுக்க வேண்டும், எலிவேஷனை அல்ல.

முள் நகராமல் நின்றால்

ஸ்டாட்டிக் துளை அடைத்துக்கொண்டால் ஆல்டிமீட்டர் அடைத்த இடத்து உயரத்திலேயே உறைந்து நிற்கும். ஏறும் வேகத்தைக் காட்டும் கருவி பூஜ்யத்தில் இருக்கும், வேகமானியும் பொய் சொல்லும். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில், கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள்மீது ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். இரவு, கீழே கடல். 70 பேரும் இறந்தார்கள். விமானத்தைச் சுற்றி வரும்போது அந்தச் சின்னத் துளையைக் குனிந்து பாருங்கள். தூசி, குளவிக்கூடு, டேப் எதுவும் இருக்கக் கூடாது. செஸ்னா 172 போன்றவற்றில் ஆல்டர்னேட் ஸ்டாட்டிக் குமிழ் இருக்கும். அதை இழுத்தால் கேபின் காற்றை எடுத்துக்கொள்ளும். கேபினில் அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம் காட்டும். விமானக் கையேட்டில் திருத்தம் கொடுத்திருப்பார்கள்.

இறங்கிய பிறகு

ஓடுதளத்தை விட்டு வெளியே வந்து நின்றதும், குமிழைத் தொடுவதற்கு முன் ஆல்டிமீட்டரை ஒரு பார்வை பாருங்கள். கடைசியாக வாங்கிய கியூஎன்எச்-இல் நிலையத்தின் எலிவேஷன் வருகிறதா? 60 அடிக்கு மேல் விலகி இருந்தால் இன்ஜினியரிடம் சொல்லி டெக் லாக்கில் (விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில்) எழுதுங்கள். அடுத்து அந்த விமானத்தை எடுக்கப்போகிறவருக்கு அந்த ஒரு வரி வேண்டும்.